ஆன்டிவைரஸைப் புதுப்பிக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவர். பகலில் வீடு வீடாகப் போய் ஆர்.டி. பணம் வாங்கி, ராத்திரியில் உட்கார்ந்து அஞ்சல் துறையின் ஏஜென்ட் போர்ட்டலில் லிஸ்ட் போடுகிறவர். அதற்காக 2021-இல் வாங்கிய லேப்டாப்பில்தான் வாடிக்கையாளர்களின் ஆதார், பான் நகல்கள், அவருடைய நெட் பேங்கிங், கல்லூரியில் படிக்கும் மகளின் புராஜெக்ட் எல்லாம் இருக்கின்றன.

இரண்டு வருடத்துக்கு முன் லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று உள்ளூர்க் கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரத் தம்பி ஃபார்மேட் பண்ணி, விண்டோஸும் ஆபீஸும் புதிதாகப் போட்டு, கூடவே ஒரு ஆன்டிவைரஸும் போட்டுக் கொடுத்தார். அதன் சந்தா இப்போது முடியப்போகிறது. புதுப்பிக்கக் கடையில் 1,450 ரூபாய் கேட்கிறார்கள். இதற்கு நடுவில், திரையின் மூலையில் அடிக்கடி ஒரு சிவப்புப் பெட்டி எழுந்து, “உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது, 5 வைரஸ்கள் உள்ளன, உடனே 2,999 ரூபாய் கட்டுங்கள்” என்கிறதாம். ஒருநாள் பயந்துபோய் அதை அழுத்தி டெபிட் கார்டு எண்ணை எல்லாம் போட்டுவிட்டார். ஓடிபி வந்ததும் சந்தேகம் தட்டி, மூடிவிட்டார்.

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் கொழுந்தனார் மகனிடம் கேட்டால், “எல்லாமே ஏமாத்து வேலை பெரியம்மா. கம்பெனிக்காரனே வைரஸ் விட்டு, அவனே மருந்து விக்கிறான். தூக்கிப் போடுங்க. விண்டோஸ்லயே ஒண்ணு இருக்கு” என்கிறான். கடைக்காரத் தம்பியோ, “அது சும்மா பேருக்கு இருக்கறதுக்கா. இதை எடுத்தா பேங்க்ல காசு நிக்காது. ஆக்டிவேஷன் பண்ணும்போதே விண்டோஸோட வர்ற அந்த டிஃபெண்டரை நான்தான் ஆஃப் பண்ணேன்” என்கிறார். இரண்டு பேரில் யார் சொல்வதைக் கேட்பது, இல்லை இரண்டு ஆன்டிவைரஸையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாமா என்பது அவர் கேள்வி. போனில் எடுத்த மூன்று படங்களையும் அனுப்பியிருக்கிறார்: அந்தச் சிவப்புப் பெட்டி, விண்டோஸின் ஆக்டிவேஷன் பக்கம், டெஸ்க்டாப்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 1,450 ரூபாயைக் கட்ட வேண்டாம். ஆனால் உங்கள் மகன் முறையான அந்தப் பையன் சொல்வதுபோல நாளைக்கே ஆன்டிவைரஸைத் தூக்கிப் போடவும் வேண்டாம். உங்கள் இரண்டாவது, மூன்றாவது படங்களைப் பார்த்த பிறகு, அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன என்று தெரிகிறது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

சிவப்புப் பெட்டி ஆன்டிவைரஸுடையது அல்ல

நீங்கள் அனுப்பிய முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தலைப்புக்குப் பக்கத்தில் சின்னதாக குரோமின் வட்டச் சின்னம் இருக்கிறது. அதற்குக் கீழே மங்கலான எழுத்தில், வாயில் நுழையாத ஒரு இணையதள முகவரி. உங்கள் கணினியில் இருக்கும் ஆன்டிவைரஸ் பேசினால் குரோமின் பெயரில் வந்து பேசாது. எப்போதோ ஒரு தளத்தில் படம் பார்க்கவோ புத்தகம் இறக்கவோ போனபோது, “நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலவ் அழுத்துங்கள்” என்று கேட்டிருக்கும். வீட்டில் யாரோ அழுத்தியிருப்பீர்கள். அந்த அனுமதியை வைத்துக்கொண்டு அந்தத் தளம் அனுப்பும் விளம்பரம்தான் இது. பிரபலமான ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் பெயரையும் சின்னத்தையும் திருடிப் போட்டுக்கொள்வார்கள். அந்த 5 வைரஸை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எல்லார் வீட்டுத் திரையிலும் அதே மாதிரி ஒரு எண்தான் வரும்.

நிறுத்துவது சுலபம். குரோமில் மேலே வலப்பக்கம் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயரை எல்லாம் நீக்கிவிடுங்கள். பெட்டி அப்போதே நின்றுவிடும்.

பயமுறுத்திக் காசு பிடுங்கும் இந்த வேலைக்கு நம் நாட்டில் சட்டப்படியே ஒரு பெயர் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 வகையான ‘டார்க் பேட்டர்ன்’கள், அதாவது வாடிக்கையாளரைத் திரையில் ஏமாற்றிச் சிக்கவைக்கும் தந்திரங்கள், பட்டியலிடப்பட்டுள்ளன. கணினியில் வைரஸ் இருப்பதாக நம்பவைத்துப் போலி நீக்கும் கருவிக்குப் பணம் கட்டவைப்பது அதில் ஒன்று. பொய்யான அவசரம் காட்டுவதும், சந்தாவிலிருந்து வெளியே வர முடியாமல் சிக்கவைப்பதும் அதே பட்டியலில் இருக்கின்றன. பின்னாளில் நிஜமான ஆன்டிவைரஸ் கம்பெனியே உங்களிடம் இப்படி நடந்துகொண்டாலும் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

சரி, கார்டு விஷயம். ஓடிபி போடவில்லை என்பதால் தப்பித்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். முழுக்கச் சரி என்று சொல்ல மாட்டேன். ஓடிபி கேட்கும் கட்டாயம் நம் நாட்டு வணிகர்களுக்குத்தான். வெளிநாட்டுத் தளம் ஒன்று கார்டு எண்ணையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் வைத்தே பணம் எடுக்கப் பார்க்கலாம். இன்றைக்கே வங்கியின் ஆப்பில் போய் அந்தக் கார்டை பிளாக் செய்து, வேறு கார்டு கேளுங்கள். புதியது வந்ததும் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆஃப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள்.

டிஃபெண்டர் பேருக்கு இருக்கிறதா?

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் கடைக்காரத் தம்பி சொல்வது சரியாக இருந்திருக்கும். 2006-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த டிஃபெண்டர், உளவு நிரல்களை மட்டும் பார்க்கும் சின்ன மென்பொருள். 2012-இல் விண்டோஸ் 8-உடன்தான் அது முழு ஆன்டிவைரஸ் ஆனது. அதன்பிறகும் கொஞ்ச காலம் சோதனைகளில் கடைசி வரிசையில்தான் நின்றது. அந்தப் பழைய பெயர் கடைத்தெருவில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதைய நிலவரம் வேறு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைக் கூடங்களின் முடிவுகளில், காசு கொடுத்து வாங்கும் பெயர்களுக்குச் சமமாகவே அது நிற்கிறது.

குறையே இல்லை என்றும் சொல்லவில்லை. இணையத் தொடர்பு இல்லாதபோது அதன் பிடி தளர்கிறது, ஏனென்றால் பாதி வேலையை மைக்ரோசாஃப்ட்டின் சர்வரைக் கேட்டுத்தான் செய்கிறது. நிறைய ஃபைல்களைக் காப்பி செய்யும்போது கொஞ்சம் இழுக்கும். நீங்கள் போர்ட்டலில் வேலை பார்க்கிறவர், இணையம் இல்லாமல் லேப்டாப்பைத் திறப்பதே அபூர்வம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் உங்களுக்கு இது உறைக்கும்: ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போய் வரும் பென் டிரைவ். கடையின் கணினியில் தொற்றி, ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும் அனுபவம் உங்களுக்கும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். திரும்பி வந்ததும் இணையத்தை ஆன் செய்துவிட்டு, பென் டிரைவின்மேல் ரைட் கிளிக் செய்து ஸ்கேன் கொடுத்துவிட்டுத் திறந்தால் போதும். என்னைக் கேட்டால், ஆன்டிவைரஸுக்கு வருடா வருடம் கட்டுவதைச் சேர்த்து ஒரு சாதாரண பிரிண்டர் வாங்கிவிடுவேன். ஊராரின் ஆதார் நகல் ஜெராக்ஸ் கடைக் கணினியில் கிடப்பது எந்த வைரஸுக்கும் குறைந்த ஆபத்து இல்லை.

இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். வேறொரு ஆன்டிவைரஸ் ஏறியதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும்படிதான் விண்டோஸ் செய்யப்பட்டிருக்கிறது. அதை மீறி இரண்டு வெளி ஆன்டிவைரஸ்களைப் போட்டால் ஒன்றை ஒன்று வைரஸாகச் சந்தேகிக்கும், லேப்டாப் தள்ளாடும்.

யாரை நம்புவது?

கொழுந்தனார் மகன் சொல்லும் “கம்பெனிக்காரனே வைரஸ் விடுகிறான்” என்பது பல வருடமாக உலவும் பேச்சு. ஆதாரம் எதுவும் கிடையாது, வைரஸ் விட வேண்டிய தேவையும் கம்பெனிகளுக்குக் கிடையாது. திருடர்களே தேவைக்கு மேல் எழுதித் தள்ளுகிறார்கள். ஆனால் அவனுடைய சந்தேகம் முழுக்க வீண் இல்லை. அதைத் தப்பான இடத்தில் வைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

ஆன்டிவைரஸ் என்பது உங்கள் கணினியில் மற்ற எந்த மென்பொருளுக்கும் இல்லாத உரிமையோடு ஓடுவது. ஒவ்வொரு ஃபைலையும் உங்களுக்கு முன்னால் அது திறந்து பார்க்கும். போகும் தளங்களின் முகவரி எல்லாம் அதற்குத் தெரியும். இவ்வளவு உரிமையை வைத்துக்கொண்டு அந்தக் கம்பெனி எப்படிச் சம்பாதிக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அவாஸ்ட் கதை இதற்கு நல்ல உதாரணம். கோடிக்கணக்கானோர் வீட்டில் இருந்த இலவச ஆன்டிவைரஸ் அது. உங்களை யாரும் பின்தொடராமல் காக்கிறோம் என்று விளம்பரம் செய்துகொண்டே, பயனர்கள் எந்தெந்தப் பக்கம் போகிறார்கள் என்ற விவரத்தைத் திரட்டி, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக 2014 முதல் விற்றுவந்தது. 2020 ஜனவரியில் பத்திரிகையாளர்கள் அம்பலப்படுத்தியதும் ஜம்ப்ஷாட்டை இழுத்து மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொல்லி, விளம்பரத்துக்காக இப்படித் தகவல் விற்கவும் தடை போட்டது. ஒருவர் என்ன நோய்க்கு மருந்து தேடுகிறார், எந்தக் கோயிலுக்குப் போக வழி பார்க்கிறார் என்பதெல்லாம் இந்த மாதிரித் தகவலிலிருந்து தெரிந்துவிடும். இலவச ஆன்டிவைரஸ் என்றாலே நான் கொஞ்சம் யோசிப்பது இதனால்தான்.

காசு கொடுத்தால் மட்டும் கவலை இல்லையா? நார்ட்டன், 2021-இல் தன் ஆன்டிவைரஸுக்குள்ளேயே கிரிப்டோ நாணயம் ‘தோண்டும்’ வசதியை, அதாவது கணினியைக் கணக்குப் போடவைத்து டிஜிட்டல் நாணயம் சம்பாதிக்கும் வசதியை, சேர்த்தது. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால்தான் அது ஓடும், உண்மை. ஓடினால் அவர் வீட்டுக் கரண்டில் கிடைக்கும் நாணயத்தில் 15 சதவீதம் கம்பெனிக்கு. ஆன்டிவைரஸுக்கு இது எதற்கு என்று 2022 தொடக்கத்தில் பெரிய சத்தம் கிளம்பியது. காஸ்பர்ஸ்கி கதை வேறு மாதிரி. ரஷ்ய நிறுவனம் என்பதால் அந்நாட்டு அரசு அதைப் பயன்படுத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு என்று சொல்லி, 2024-இல் அமெரிக்கா அதன் விற்பனையையே தடை செய்தது. கம்பெனி அதை மறுத்தது. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். ஆனால் வெளியேறும்போது அங்கிருந்த வாடிக்கையாளர் பலரின் கணினியில் காஸ்பர்ஸ்கி தானாகவே நீங்கி, அவர்கள் கேள்விப்பட்டிராத அல்ட்ராஏவி என்ற இன்னொன்று உட்கார்ந்துகொண்டது. காலையில் எழுந்து பார்த்தவர்கள் வைரஸ் வந்துவிட்டதோ என்று பதறினார்கள். ஒருவரை நம்பிக் கொடுத்த உரிமை கைமாறிப் போகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

நம் நாட்டுத் தயாரிப்பு என்றால் நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கே7 நம் சென்னையில் 1991-இல் தொடங்கியது, குவிக் ஹீல் புனேயில் வளர்ந்தது. இரண்டுமே பழைய, பொறுப்பான பெயர்கள். ஆனால் எந்த ஊர் என்பதை வைத்துப் பாதுகாப்பு வராது. மும்பையைச் சேர்ந்த இஸ்கேன், தன் அப்டேட்களைப் பூட்டில்லாத சாதாரண இணைப்பில் அனுப்பிக்கொண்டிருந்தது. அதை வழியில் மறித்து, அப்டேட்டுக்குப் பதிலாக வைரஸையே ஒரு கும்பல் உள்ளே அனுப்பியது. 2023 ஜூலையில் ஓட்டை அடைக்கப்பட்டது, 2024 ஏப்ரலில் விவரம் வெளியானது. கண்டுபிடித்துச் சொன்னது யார் தெரியுமா? அதே அவாஸ்டின் ஆய்வாளர்கள். இந்தத் துறையில் முழு வில்லனும் இல்லை, முழு யோக்கியனும் இல்லை.

மைக்ரோசாஃப்ட்டும் விதிவிலக்கல்ல. 2017 மே மாதம் டிஃபெண்டரின் எஞ்சினிலேயே மோசமான ஓட்டை இருப்பதைக் கூகுளின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். சில நாள்களில் சரிசெய்தார்கள். பிறகு ஏன் டிஃபெண்டரைச் சொல்கிறேன்? விண்டோஸை வைத்திருக்கிறீர்கள் என்றால் மைக்ரோசாஃப்ட்டை ஏற்கெனவே நம்பித்தான் ஆகிறீர்கள். அதற்கு மேல் இன்னொருவரிடமும் முழு உரிமையைக் கொடுக்க ஒரு நல்ல காரணம் வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் காரணம் எனக்குத் தெரியவில்லை. டிஃபெண்டர் பயமுறுத்தி விற்பதும் இல்லை, சந்தா தீர்ந்து பாதியில் படுப்பதும் இல்லை. சந்தேகமான ஃபைலை ஆய்வுக்கு அனுப்பும் வழக்கம் அதற்கும் உண்டு. தனிப்பட்ட தகவல் இருக்கலாம் என்று தோன்றினால் கேட்டுவிட்டுத்தான் அனுப்பும். வாடிக்கையாளர் ஆவணம் என்றால் மறுத்துவிடுங்கள்.

நான் பயப்படுவது உங்கள் இரண்டாவது படத்தைப் பார்த்து

அந்தப் பக்கத்தில் இரண்டு வரிகள். மேலே, விண்டோஸ் 10 புரோ. கீழே, “உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் விண்டோஸ் ஆக்டிவேட் செய்யப்பட்டுள்ளது” என்று ஆங்கிலத்தில். உங்களுக்கு ஏது நிறுவனம்?

பெரிய கம்பெனிகள் தங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்குச் சொந்த சர்வர் வழியாக லைசென்ஸ் கொடுத்துக்கொள்ள மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் முறை அது. கடைகளில் ‘ஆக்டிவேட்டர்’ என்று ஒன்றைப் போடுவார்கள். அந்தச் சர்வரைப்போல நடித்து விண்டோஸை ஏமாற்றுவது அதன் வேலை. அந்த லைசென்ஸ் 180 நாளுக்குத்தான் நிற்கும் என்பதால், மறுபடி மறுபடி புதுப்பிப்பதற்காக ஆக்டிவேட்டர் உங்கள் லேப்டாப்பிலேயே தங்கி ஓடிக்கொண்டிருக்கும். எந்த நல்ல ஆன்டிவைரஸும் இதைப் பிடிக்கும். அதனால்தான் தம்பி டிஃபெண்டரை ஆஃப் செய்தார். கூடவே ‘எக்ஸ்குளூஷன்’ பட்டியலில், அதாவது இங்கே பார்க்காதே என்று ஆன்டிவைரஸுக்குச் சொல்லும் இடத்தில், ஒரு ஃபோல்டரைச் சேர்ப்பது வழக்கம். சோம்பலில் மொத்த சி டிரைவையே சேர்த்துவிடுவதும் நடக்கிறது. அவர் போட்டுக்கொடுத்த ஆன்டிவைரஸிலும் அதையே செய்திருப்பார், இல்லையென்றால் அதுவும் ஆக்டிவேட்டரைப் பிடித்துக் கத்தியிருக்கும்.

இப்போது புரிகிறதா, ஏன் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம் என்றேன்? நீங்கள் வெளி ஆன்டிவைரஸை எடுத்ததும் டிஃபெண்டர் விழிக்கும். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு விழிக்கும். மேலும், இணையத்தில் சும்மா கிடைக்கும் ஆக்டிவேட்டர்களுக்குள் வேறு சரக்கும் ஒளிந்து வருவது வாடிக்கை. ஃபைல்களை எல்லாம் பூட்டிப் பணம் கேட்கும் ஸ்டாப் டிஜேவு என்ற ரான்சம்வேர் வீட்டுக் கணினிகளில் பரவியதே இப்படிப்பட்ட ஆக்டிவேட்டர்கள், கிராக் செய்த மென்பொருள்கள் வழியாகத்தான். கடைக்காரத் தம்பி கெட்டவர் என்று சொல்லவில்லை. ஐந்நூறு ரூபாய் சர்வீஸுக்கு வருகிறவர்களுக்கு அசல் விண்டோஸ் எப்படிப் போடுவது என்பதுதான் அவர் பிரச்சினை.

வேடிக்கை என்னவென்றால் உங்களிடம் அசல் லைசென்ஸ் இருக்கிறது. வாங்கும்போதே விண்டோஸ் 10 ஹோம் இருந்தது என்று பில்லைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். அப்படி வரும் லேப்டாப்பில் லைசென்ஸ் எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். ஃபார்மேட் பண்ணினாலும் அழியாது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸைப் பென் டிரைவில் இறக்கி, ‘ஹோம்’ பதிப்பைப் போட்டால் இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஒரு பைசா செலவில்லை. தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவில் குற்றம் என்பதால் இதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. ஆபீஸ் மட்டும் போகும். லிப்ரே ஆபீஸ் இலவசம், உங்கள் லிஸ்ட்டுகளுக்குத் தாராளமாகப் போதும்.

போடுவது விண்டோஸ் 11-ஆக இருக்கட்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் இன்னொரு வருடம் திருத்தங்கள். உங்கள் லேப்டாப் இன்டெலின் 11-ஆம் தலைமுறை என்று மூன்றாவது படத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்கிறது, அதனால் 11 ஏறும். திருத்தம் வராத விண்டோஸின்மேல் எவ்வளவு விலை கொடுத்து ஆன்டிவைரஸ் போட்டாலும் ஓட்டை ஓட்டைதான்.

அதே மூன்றாவது படத்தில், வேறு இடத்திலிருந்தே ஒரு கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க்கின் சின்னமும் தெரிகிறது. கடையிலிருந்தே சரிசெய்வதற்காகத் தம்பி போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சரி என்று சொல்லாமலே, பாஸ்வேர்டு போட்டு எந்நேரமும் உள்ளே வரும்படி அதை வைக்க முடியும். இந்த ஆப்பைக் கொண்டு நடந்த மோசடிகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. எனிடெஸ்க் ஒரு முறையான மென்பொருள் என்பதால் ஆன்டிவைரஸ் பொதுவாக அதைக் கண்டுகொள்ளாது. புது விண்டோஸில் அது வேண்டாம். உதவி தேவைப்படும் அன்று போட்டு, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பேங்கில் காசு நிற்காதா?

வங்கிப் பணம் போகும் வழி பெரும்பாலும் வைரஸ் இல்லை. போனில் பேசி ஓடிபி வாங்குவது, போலி வங்கிப் பக்கம், கேஒய்சி மெசேஜ் இவைதான். எந்த ஆன்டிவைரஸும் உங்கள் வாயிலிருந்து ஓடிபி வெளியே போவதைத் தடுக்காது.

உங்கள் தப்பு இல்லாமல் மூன்றாம் ஆள் யாரோ பணம் எடுத்திருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்து 3 வேலை நாளுக்குள் புகார் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை என்பது ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதி. 4 முதல் 7 வேலை நாள் என்றால் வரம்புக்கு உட்பட்ட நஷ்டம். நீங்களே ஓடிபியோ பாஸ்வேர்டோ கொடுத்திருந்தால் புகார் சொல்லும்வரை போனது உங்கள் தலையில். தப்பு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான். ஆன்டிவைரஸுக்குப் பணம் கட்டியிருந்தீர்களா என்று அந்த விதி கேட்பதில்லை. ஏதாவது நடந்தால் வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் அப்போதே போன் போடுங்கள், அக்கம்பக்கம் கேட்டுக்கொண்டு இருக்க வேண்டாம்.

செய்ய வேண்டிய வரிசை

முதலில் வாடிக்கையாளர் ஆவணங்கள், மகளின் புராஜெக்ட், படங்கள் ஆகியவற்றை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். ஆவணங்களை மட்டும், செட்டப் ஃபைல்கள் எதையும் அல்ல. பிறகு சனி, ஞாயிறு பார்த்து, சென்னைப் பையனை ஊருக்கு வரச் சொல்லுங்கள். வாய் பேசுகிறான் அல்லவா, கையும் வேலை செய்யட்டும். பழைய பார்ட்டிஷன்களை எல்லாம் அழித்துவிட்டு விண்டோஸ் 11 ஹோம் போடச் சொல்லுங்கள். ஆன்டிவைரஸும் ஆக்டிவேட்டரும் அதோடு போய்விடும், தனியாக எடுக்க வேண்டிய வேலையே இல்லை.

போட்டு முடித்ததும் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ரியல்-டைம் புரொடெக்ஷன் ஆன் என்று இருக்கிறதா, எக்ஸ்குளூஷன் பட்டியல் காலியா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். ஹார்ட் டிஸ்க்கை ஸ்கேன் செய்தபிறகு ஆவணங்களைத் திரும்ப ஏற்றுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை பேக்கப் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.

இவ்வளவும் செய்தபிறகும் காசு கொடுத்து ஒன்று வைத்துக்கொண்டால்தான் நிம்மதி என்றால், அது தப்பில்லை. கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள், கூடவே வரும் பிரவுசர் எக்ஸ்டென்ஷனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஆட்டோ ரினியூவலை அன்றே நிறுத்திவிடுங்கள். சந்தா தீர்ந்தபின் அதை அப்படியே விட்டுவைக்காதீர்கள். அப்டேட் வராத ஆன்டிவைரஸ், இருப்பதாக நினைக்கவைக்கும், இருக்காது.

ஒன்று மட்டும் சனிக்கிழமைவரை காத்திருக்கக் கூடாது. ஏஜென்ட் போர்ட்டல், நெட் பேங்கிங், மெயில் மூன்றின் பாஸ்வேர்டையும் இன்றைக்கே மாற்றுங்கள். அந்த லேப்டாப்பில் அல்ல, உங்கள் போனிலிருந்து. விண்டோஸ் புதிதாக ஏறும்வரை அந்த லேப்டாப்பில் புதுப் பாஸ்வேர்டைப் போட வேண்டாம். அதுவரை லிஸ்ட்டை வேறு நம்பகமான கணினியில் போட முடியுமா என்று பாருங்கள்.